உயர்த்தாத கை: எல்லை தாண்டும் தேனீக்கள் குறித்து

கனடாவின் ஆல்பர்ட்டா மாகாணத் தென்பகுதியில் தேனீ வளர்ப்போர் கூடிய கூட்டம் ஒன்றில், அமெரிக்காவிலிருந்து பேக்கேஜ் தேனீக்களை இறக்குமதி செய்யக் கனடிய அரசு அனுமதிக்க வேண்டும் என்ற தீர்மானம் முன்வைக்கப்பட்டது. ஆதரிப்பவர்கள் கை உயர்த்துங்கள் என்றபோது ஏராளமான கைகள் உயர்ந்தன. எதிர்ப்பவர்கள் என்றபோது அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சில கைகள். இரண்டு முறையும் என் கை மடியிலேயே கிடந்தது. என் அருகில் அமர்ந்திருந்தவர், ஆயிரக்கணக்கான பெட்டிகளை வைத்துப் பிழைப்பு நடத்துபவர், கோடைக்கால வார இறுதிகளில் நான் உதவிக்குப் போகும் பண்ணையின் உரிமையாளர். அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார், எதுவும் சொல்லவில்லை. வீடு திரும்பும் வழியில்தான், நெடுஞ்சாலையில் வண்டி ஓட்டியபடியே, "உனக்குச் சொந்தமாக இருப்பது வீட்டுக்குப் பின்னால் உள்ள சில பெட்டிகள் மட்டும். நடுநிலை வகிப்பது உனக்கு எளிது" என்றார். அந்தச் சொல்லில் நியாயம் இருந்தது. ஆனால் நான் கை உயர்த்தாததற்குக் காரணம் நடுநிலை அல்ல. இரு தரப்பும் கேட்ட கேள்வியே சரியாக அமையவில்லை என்ற ஓர் உறுத்தல்; அது என்னவென்று அன்று என்னால் சொல்ல முடியவில்லை. அதை எழுதித்தான் தெளிய வேண்டியிருக்கிறது.

பேக்கேஜ் என்பது என்னவென்று தேனீ வளர்ப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்காக ஒரு வரி. வலைக்கண் வைத்த பெட்டியிலோ குழாயிலோ ஏறத்தாழ ஒரு கிலோ வேலைக்காரத் தேனீக்களை உதறிப் போட்டு, சிறு கூண்டில் ஒரு ராணியையும் உணவுக்குச் சர்க்கரைப் பாகையும் வைத்து அனுப்புவது. தேனடையும் புழுவும் அதில் இருக்காது. ஒரு கிலோ என்றால் எட்டாயிரம், பத்தாயிரம் தேனீக்கள். குளிர்காலத்தில் செத்துப்போன கூட்டத்தின் பெட்டியில் இவற்றைக் கொட்டினால், கோடைக்குள் அது மீண்டும் முழுக் கூட்டமாகிவிடும்.

1987-க்கு முன்னால் இந்த மாகாணங்களில் நிகழ்ந்ததை முதன்முதலில் கேட்டபோது எனக்கு வயிற்றைப் பிசைந்தது. பிரெய்ரி எனப்படும் சமவெளி மாகாணங்களின் வளர்ப்பாளர்களில் பெரும்பாலோர் இலையுதிர் காலத்தில் தேனை எடுத்துக்கொண்டு கூட்டங்களைக் கொன்றுவிடுவார்கள். ஆறு மாதக் குளிரில் ஒரு கூட்டத்தைக் காப்பாற்றத் தேவைப்படும் தேனின் விலையை விட, வசந்தத்தில் கலிபோர்னியாவிலிருந்து லாரியில் வரும் பேக்கேஜ் மலிவு. ஆண்டுதோறும் லட்சக்கணக்கில் வந்தன. தேனீ என்பது விதைநெல்லைப் போலக்கூட அல்ல, ஆண்டுதோறும் கடையில் வாங்கும் உரத்தைப் போல ஆகிவிட்டிருந்தது. 1984-இல் டெக்சாஸில் மூச்சுக்குழல் உண்ணியும் 1987-இல் தேனீயின் உடலில் ஒட்டி வாழும் வரோவா உண்ணியும் அமெரிக்காவில் கண்டறியப்பட்டபின், கனடா எல்லையை மூடியது. ஒரே ஆண்டில் அந்தத் தொழிலின் அடிப்படை ஏற்பாடு இல்லாமல் போனது. நாட்டில் ஏறத்தாழ 7 லட்சமாக இருந்த கூட்டங்கள் அடுத்த சில ஆண்டுகளில் 5 லட்சமளவுக்குச் சரிந்தன. பலர் தொழிலை விட்டார்கள். எஞ்சியவர்கள் குளிரைத் தாண்டத் தேனீக்களைப் பழக்கினார்கள், அதாவது தாங்கள் பழகினார்கள்: இருட்டாக்கப்பட்ட கொட்டகைகளில் நான்கைந்து டிகிரி வெப்பத்தில் நூற்றுக்கணக்கான பெட்டிகளை அடுக்கிக் காற்றோட்டம் விடுவது, வெளியே விடுபவற்றை நான்கு நான்காகச் சேர்த்துப் போர்த்திக் கட்டுவது, ஆகஸ்டு முடிவதற்குள் உண்ணியைக் கட்டுப்படுத்துவது. இன்று கூட்டங்களின் எண்ணிக்கை 8 லட்சத்தை ஒட்டி நிற்கிறது. எல்லையை மூடி வைக்கச் சொல்பவர்கள் முதலில் காட்டுவது இந்த எண்ணைத்தான்.

திறக்கச் சொல்பவர்கள் காட்டும் எண் வேறு. 2022 வசந்தத்தில், நாடு முழுவதும் குளிர்காலத்தைக் கடக்காத கூட்டங்கள் 45 விழுக்காடு. பதினைந்து விழுக்காடு இழப்பு இயல்பானது என்று கணக்குப் போட்டு நடத்தப்படும் தொழிலில் இது என்ன செய்யும் என்பதை நான் நேரில் பார்த்தேன். மூடியைத் திறந்தால் மரச்சட்டங்களுக்கு நடுவே ஒரு பிடித் தேனீக்கள் தலையை அறைக்குள் விட்டபடி இறந்து கிடக்கும்; அடுத்த பெட்டியும் அப்படியே; அதற்கடுத்ததும். வரிசையாகத் திறந்துகொண்டே போனார் அந்தப் பண்ணை உரிமையாளர். வழக்கமாக ஒவ்வொரு பெட்டியிலும் சாக்கட்டியால் குறியிடுபவர், அன்று பாதியில் குறியிடுவதை நிறுத்திவிட்டார்.

ஏப்ரல் மாதத்துக் கணக்கு

இந்த விவாதத்தின் உயிர்நாடி ஒரு நாட்காட்டி. ஆல்பர்ட்டாவில் கனோலா என்ற எண்ணெய்வித்துப் பயிர் பூப்பது சூலையில். தேனில் பெரும்பகுதி அந்தச் சில வாரங்களில் வருவதுதான். மாகாணத்தின் தெற்கே, கலப்பினக் கனோலா விதை உற்பத்திக்கு மகரந்தச் சேர்க்கை செய்யப் பெட்டிகளை வாடகைக்கு விடுபவர்களுக்கு வருமானமும் அப்போதுதான். சூலையில் பெட்டி நிறைந்திருக்க வேண்டுமானால், ஏப்ரலில் அதில் முட்டையிடும் ராணி இருக்க வேண்டும். இங்கே ஆண் தேனீக்கள் பறக்கும் அளவுக்கு வெயில் வந்து, புதிய ராணி கலவிப் பறப்பை முடித்து முட்டையிடத் தொடங்குவது சூன் மாதத்தில்தான். ஆகவே ஏப்ரலில் செத்த கூட்டத்துக்கு மாற்று, வேறொரு தட்பவெப்பத்திலிருந்துதான் வந்தாக வேண்டும். இதில் கொள்கைக்கு இடமில்லை. பூமியின் சாய்வு தீர்மானிக்கும் விஷயம்.

அந்த வேறொரு தட்பவெப்பம் எது என்பதுதான் சண்டை. ஒன்று, ஒன்றிரண்டு நாள் லாரிப் பயணத்தில் இருக்கும் கலிபோர்னியா. மற்றது நியூசிலாந்து, ஆஸ்திரேலியா, சிலி. அங்கே ஏப்ரல் என்பது இலையுதிர் காலம். கோடையை முடித்துக் களைத்த தேனீக்கள் விமானத்தில் ஏறி, உலகின் மறுபக்கத்தில் ஒரு வசந்தத்தில் இறங்குகின்றன. விலை அதிகம். 2020-இல் பெருந்தொற்றால் விமானங்கள் நின்றபோது, பணம் கட்டிக் காத்திருந்தவர்களுக்கும் தேனீ வரவில்லை. அமெரிக்கப் பெருநிலப்பகுதியிலிருந்து ராணிகளை மட்டும் 2004 முதல் அனுமதிக்கிறார்கள். கூண்டுக்குள் ராணியோடு சில பணிவிடைத் தேனீக்கள். ஆண்டுக்கு இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட ராணிகள் கனடாவுக்குள் வருகின்றன. அவற்றில் பெரும்பங்கு கலிபோர்னியாவிலிருந்தும் ஹவாயிலிருந்தும். ஆனால் ராணி மட்டும் வந்தால், உயிரோடு இருக்கும் கூட்டத்தைப் பிரித்துத்தான் அதற்குக் குடும்பம் தர முடியும். பாதிக்கு மேல் செத்துப்போனவரிடம் பிரிப்பதற்கு என்ன இருக்கிறது?

திறக்கச் சொல்பவர்களின் வாதங்களில் இரண்டை என்னால் எளிதில் தள்ள முடியவில்லை. முதலாவது: எல்லையை மூடியும் வரோவா வந்துவிட்டது. 1989-இலேயே கனடாவின் கிழக்கு மாகாணமான நியூ பிரன்ஸ்விக்கில் கண்டறியப்பட்டது. பிறகு மாகாணம் மாகாணமாகப் பரவியது. இரு நாடுகளுக்கும் நடுவே ஆயிரக்கணக்கான கிலோமீட்டருக்கு வயலும் காடும் இருக்க, திரள் பறந்து போவதை எந்தச் சுங்கச்சாவடி தடுக்கும்? இரண்டாவது: மாற்றாக வரும் தேனீக்கள் மட்டும் பரிசுத்தமா? சிறு தேன்கூட்டு வண்டைக் காரணம் காட்டி அமெரிக்கப் பேக்கேஜ்களைத் தடுக்கிறார்கள். அதே வண்டு ஆஸ்திரேலியாவில் 2002 முதல் இருக்கிறது, அங்கிருந்து பேக்கேஜ்கள் வந்துகொண்டுதான் இருந்தன. 2022 சூனில் அந்நாட்டின் நியூகாசில் துறைமுகத்தில் வரோவா கண்டறியப்பட்டு, ஆயிரக்கணக்கான கூட்டங்களை அழித்தும் பயனின்றி, 2023 செப்டம்பரில் ஒழிப்பு முயற்சியை ஆஸ்திரேலியா கைவிட்டது. தூரத்துத் தீவு என்பதாலேயே தூய்மையானது என்ற எண்ணம் அதோடு போயிற்று.

பாதாம் தோட்டங்களில் நிகழ்வது

கனடிய உணவு ஆய்வு முகமை 2013-இல் செய்த இடர் மதிப்பீடு, அமெரிக்கப் பேக்கேஜ்கள் வழியே நான்கு ஆபத்துகள் வரக்கூடும் என்றது: மூர்க்கமாகக் கொட்டும் ஆப்பிரிக்கக் கலப்புத் தேனீயின் மரபு, மருந்துக்குக் கட்டுப்படாத அமெரிக்கப் புழு அழுகல் நோய், சிறு தேன்கூட்டு வண்டு, உண்ணியைக் கொல்லும் அமிட்ராஸ் மருந்துக்குக் கட்டுப்படாத வரோவா. இந்த நான்கையும் ஒரே எடையில் வைத்துப் பேசுவதுதான் கூட்டங்களில் வழக்கம். எனக்கு அவை ஒரே எடையாகத் தோன்றவில்லை.

ஆப்பிரிக்கக் கலப்பை எடுத்துக்கொள்வோம். 1956-இல் பிரேசிலின் மரபியல் அறிஞர் வார்விக் கெர் ஆப்பிரிக்க ராணிகளைக் கொண்டுவந்தார். மறு ஆண்டே சில கூட்டங்கள் தப்பித் திரளாகப் பறந்தன. அவற்றின் வழித்தோன்றல்கள் ஆண்டுதோறும் வடக்கே நகர்ந்து 1990-இல் டெக்சாஸை எட்டின. இறக்குமதி விதிகளைப் பற்றிப் பேசும் எவருக்கும் இது முதல் பாடம். ஆனால் கனடாவின் விதியில் இதைப் பொருத்திப் பார்த்தால் ஒரு வேடிக்கை தெரிகிறது. மரபைச் சுமப்பவள் ராணி. அவள் உடலில் சேமித்த விந்தில்தான் எதிர்காலக் கூட்டம் முழுவதும் இருக்கிறது. பேக்கேஜில் வரும் பத்தாயிரம் வேலைக்காரத் தேனீக்கள் சில வாரங்களில் இறந்துவிடும், தங்கள் குணத்தை யாருக்கும் விட்டுச் செல்லாமல். நாம் ராணியை வரவேற்று, வேலைக்காரிகளைத் தடுத்துவிட்டு, மரபைக் காக்கிறோம் என்கிறோம். புழு அழுகல் நோயும் அப்படித்தான்: அதன் வித்துகள் பழைய அடைகளில் பல பத்தாண்டுகள் உயிரோடு கிடப்பவை, அடையில்லாத பேக்கேஜில் அவை வரும் வாய்ப்பு, அடையோடு பெட்டி வாங்குவதை விடக் குறைவு. இதைச் சொல்லும்போது திறக்கச் சொல்பவர்கள் மேசையைத் தட்டுவார்கள், தட்டட்டும்.

வரோவாவின் கதை வேறு. கூண்டில் ராணியோடு வரும் விரல்விட்டு எண்ணக்கூடிய தேனீக்களைக் கண்ணால் பார்த்து உண்ணி இருக்கிறதா என்று சொல்லிவிடலாம். பத்தாயிரம் தேனீக்களில் அது முடியாது. ஒரு கிலோவில் நூறு தேனீக்கு ஓர் உண்ணி என்றாலே ஏறத்தாழ நூறு உண்ணிகள் வந்துவிடும். அந்த உண்ணிகள் எங்கிருந்து வருகின்றன என்பதுதான் முக்கியம். அமெரிக்காவின் வணிகக் கூட்டங்களில் மிகப் பெரும்பகுதி, புளோரிடாவிலிருந்து டகோட்டா வரை எங்கு வாழ்ந்தாலும், பிப்ரவரியில் கலிபோர்னியாவின் நடுப்பள்ளத்தாக்குப் பாதாம் தோட்டங்களுக்கு வந்து சேர்கின்றன. ஒரு நாட்டின் தேனீக்கள் எல்லாம் சில வாரங்கள் ஒரே இடத்தில் கூடி, ஒன்றின் தேனை ஒன்று திருடி, வழி தவறி ஒன்றின் பெட்டிக்குள் ஒன்று நுழைந்து, பிரிந்து போகின்றன. பாதாம் பூ முடிந்த கையோடு, மார்ச்சு, ஏப்ரலில் அதே மாநிலத்தின் வடபகுதியில்தான் பேக்கேஜ்களுக்குத் தேனீக்களை உதறுகிறார்கள். ஆகவே கலிபோர்னியாப் பேக்கேஜ் ஒன்றை வாங்குபவர், அதை விற்ற பண்ணையின் தேனீயை மட்டும் வாங்குவதில்லை. 2024 கோடைக்கும் 2025 தொடக்கத்துக்கும் இடையில் அமெரிக்க வணிக வளர்ப்பாளர்கள் சராசரியாக 60 விழுக்காட்டுக்கு மேல் கூட்டங்களை இழந்தார்கள். அந்நாட்டு வேளாண் துறையின் ஆய்வகம் செத்த கூட்டங்களிலிருந்து எடுத்துச் சோதித்த உண்ணிகளில் ஏறத்தாழ அனைத்திலும் அமிட்ராஸ் எதிர்ப்புக்கான மரபணு அடையாளம் இருந்தது. முந்தைய உண்ணி மருந்துகளான ஃப்ளுவாலினேட்டும் கூமபாஸும் வலுவிழந்தபின் இங்குள்ளவர்கள் பெரிதும் நம்பியிருப்பது அமிட்ராஸ் பட்டையைத்தான். அதன் வீரியமும் இங்கே குறைந்துவருவதாகச் சிலர் சொல்கிறார்கள். ஒரே மருந்தை ஆண்டுதோறும் செருகுபவர்களின் பெட்டியில் எதிர்ப்பு உள்ளூரிலேயே உருவாகவும் செய்யும். எனினும் மெல்ல உருவாவதற்கும், லட்சக்கணக்கில் லாரியில் வந்து இறங்குவதற்கும் வேறுபாடு உண்டு.

இந்த இடத்தில் எல்லையை மூடச் சொல்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கையையும் சொல்லிவிட வேண்டும். வெளியிலிருந்து வந்ததுதான் கொன்றது என்று நம்புவது மனித மனத்துக்கு மிக எளிது. அமெரிக்காவில் கூட்டங்கள் திடீரெனக் காலியாகிக் கொண்டிருந்தபோது, 2007-இல் வெளியான ஓர் ஆய்வு, இஸ்ரேலில் முதலில் அறியப்பட்ட வைரஸ் ஒன்றை அதனோடு தொடர்புபடுத்தியது. அதற்குச் சில ஆண்டுகள் முன்புதான் ஆஸ்திரேலியப் பேக்கேஜ்களை அனுமதித்திருந்ததால், பழி அந்தப் பேக்கேஜ்கள் மேல் விழுந்தது. ஆய்வகங்களில் சேமித்திருந்த பழைய மாதிரிகளை எடுத்துப் பார்த்தபோது, ஆஸ்திரேலியத் தேனீ வருவதற்கு முன்பே அந்த வைரஸ் அமெரிக்காவில் இருந்தது தெரிந்தது. ஆஸ்திரேலிய இறக்குமதியை 2010 இறுதியில் அமெரிக்கா நிறுத்தியது உண்மை. ஆனால் அதற்கான காரணங்களில் முன்னிற்பது, ஆஸ்திரேலியாவின் கெய்ர்ன்ஸ் பகுதியில் ஆசியத் தேனீ குடியேறியிருந்தது. முதலில் சொன்ன குற்றச்சாட்டு நிரூபணமாகவில்லை, இருந்தும் இன்றுவரை அதைத் திருப்பிச் சொல்பவர்கள் உண்டு.

பெரியப்பாவின் பெட்டிகள்

இந்த வாதங்களையெல்லாம் அடுக்கிக்கொண்டே போகலாம். அடுக்கியும் என் உறுத்தல் தீரவில்லை. தீர்த்து வைத்தது, அல்லது வேறு இடத்துக்கு நகர்த்தியது, ஒரு தொலைபேசி உரையாடல். என் பெரியப்பா மார்த்தாண்டத்துக்குப் பக்கத்தில் ரப்பர் விளைகளுக்கு நடுவே தேனீ வளர்த்தவர். 1924-இல் ஸ்பென்சர் ஹாட்ச் அங்கே ஒய்.எம்.சி.ஏ. கிராம மறுமலர்ச்சி மையத்தைத் தொடங்கித் தேனீ வளர்ப்பைப் பரப்பியதிலிருந்து, வீட்டுக்கு நாலு பெட்டி என்பது அப்பகுதியில் வழக்கமாகிவிட்ட ஒன்று. வளர்த்தது நம் நாட்டு இந்தியத் தேனீயை, நியூட்டன் பெட்டியில். 1991, 92-இல் தாய் சாக்புரூட் நோய் தென்னிந்தியாவுக்கு வந்து, தொண்ணூறு விழுக்காட்டுக்கு மேற்பட்ட கூட்டங்களை அழித்தது. தாய்லாந்தில் 1976-இல் அறியப்பட்ட வைரஸ், சில ஆண்டுகளில் இந்தியாவின் வடகிழக்குக்கு வந்து, பிறகு தெற்கே இறங்கியது. அறைக்குள் புழு நிமிர்ந்து, தோல் நீர் நிறைந்த பையாகி, இறந்து கிடக்கும். மருந்து கிடையாது. எனக்கு அப்போது சிறு வயது. பெட்டிகள் காலியாகி வீட்டின் பின்புறம் அடுக்கப்பட்டது மட்டும் நினைவிருக்கிறது.

அந்தக் காலத்தைப் பற்றி அவரிடம் நான் விரிவாகக் கேட்டதே இல்லை. கேட்டேன். "பக்கத்து விளையில வந்துச்சுன்னு காதுல விழுந்த அன்னைக்கே நமக்கும் வந்தாச்சு மக்கா. ஈ வேலி பாக்குமா?" என்றார். வெளியிலிருந்து வேறு கூட்டம் வாங்கிப் பார்க்கவில்லையா பெரியப்பா என்று கேட்டதற்கு, சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "வாங்குனாங்களே. நோய் எட்டாத எடம்னு சொல்லி மலப்பக்கத்துல இருந்து கொண்டு வந்து எறக்குனாங்க. ரெண்டு மாசம் நல்லா இருந்துச்சு. அப்புறம் அதுவும் போச்சு, அதுவரைக்கும் தப்பிச்சு நின்ன நாலஞ்சு பெட்டியும் அதோட சேந்து போச்சு, கேட்டியா" என்றார். கொண்டுவந்த கூட்டத்தில் நோய் இருந்ததா, இங்கிருந்தது அதைப் பிடித்ததா என்று எனக்குத் தெரிய வேண்டும் என்பதுபோல நான் திரும்பக் கேட்டேன். அதைப் பிரித்துப் பார்க்க அவருக்கு ஆர்வமில்லை. "யார் வாங்குனாங்களோ அவங்க கேட்டுட்டா வாங்குனாங்க? பிறகு மிச்சம் நின்னதப் பிரிச்சுப் பிரிச்சுத்தான் எல்லாரும் ஆளானோம்" என்று முடித்தார்.

யாரும் யாரையும் கேட்கவில்லை என்பதுதான் என் மனத்தில் நின்றது. இங்கே நடக்கும் விவாதத்தில் இரு தரப்பும், ஒரு வளர்ப்பாளருக்கும் அரசுக்கும் நடுவே உள்ள வழக்காகவே இதைப் பேசுகிறார்கள்: எனக்கு வேண்டியதை வாங்க எனக்கு உரிமை உண்டா, அரசுக்கு அதைத் தடுக்க அதிகாரம் உண்டா. தேனீ மூன்று கிலோமீட்டர், தேவைப்பட்டால் அதற்கு மேலும் பறந்து மேயும் உயிர். சாகும் கூட்டத்தின் தேனைத் திருட வரும் பக்கத்துப் பெட்டித் தேனீ, அதன் உண்ணியையும் முதுகில் ஏற்றிக்கொண்டு போகிறது. என் பெட்டியில் நான் இறக்குவதை என் சுற்றுவட்டாரம் முழுவதும் இறக்கிக்கொள்கிறது. ஆல்பர்ட்டாவில் இறக்குவதை, ஒன்டாரியோவும் நியூ பிரன்ஸ்விக்கும் இறக்கிக்கொள்ள அதிக காலம் ஆகாது. புளூபெரி மகரந்தச் சேர்க்கைக்குக் கிழக்கே பெட்டிகள் மாகாணம் விட்டு மாகாணம் போகின்றன. இதில் 'என் வணிகம், என் இடர்' என்ற பேச்சுக்கு இடமில்லை.

அதற்காக இறக்குமதியே தீது என்று நான் சொல்ல வரவில்லை. இந்தியாவின் அனுபவமே அதற்கு மறுப்பு. 1960-களின் தொடக்கத்தில் இமாச்சலத்தின் நக்ரோட்டா பக்வானில் இத்தாலியத் தேனீயின் ராணிகளைக் கொண்டுவந்து, அவற்றை இந்தியத் தேனீக் கூட்டங்களுக்குள் அறிமுகப்படுத்தி, அந்த இரவல் செவிலிகளைக் கொண்டே வளர்த்தெடுத்தார்கள். பஞ்சாப் வேளாண் பல்கலைக்கழகத்தின் அத்வாலும் அவர் குழுவினரும் செய்த அந்த வேலைதான் வட இந்தியத் தேன் தொழிலின் அடித்தளம். அவர்கள் கொண்டுவந்தது ராணிகளை, எண்ணிக்கையில் குறைவாக, ஓர் ஆய்வு நிலையத்துக்குள், கண்காணித்தபடி. லாரி லாரியாகப் பண்ணைகளில் கொட்டவில்லை. எவ்வடிவில், எவ்வளவு, யார் கண்முன்னால் என்பவை, எந்த நாட்டிலிருந்து என்பதை விட எனக்கு முக்கியமாகப் படுகின்றன.

குளிர்கால இழப்பு எவ்வளவு கொடியதாக இருந்தாலும் திரும்பப் பெறக்கூடியது. 2022-இல் செத்ததில் பெரும்பகுதியைக் கோடையிலேயே பிரித்து ஈடுகட்டினார்கள், தேன் குறைந்தாலும். குடியேறிவிட்ட உண்ணியைத் திருப்பி அனுப்ப எந்த நாட்டாலும் முடிந்ததில்லை. ஹவாய்த் தீவுகளுக்கு வரோவா 2007-இல் வந்தது. அதுவரை பத்தில் ஒரு கூட்டத்தில் சத்தமின்றி இருந்த சிறகு உருக்குலைக்கும் வைரஸ், உண்ணி பரவிய தீவுகளில் ஏறத்தாழ எல்லாக் கூட்டங்களுக்கும் பரவி, அதன் பல வகைகளில் ஒன்றே மேலோங்கியது. இப்படி மீட்க முடிந்ததையும் மீட்க முடியாததையும் ஒரே தராசில் வைக்கும் இடத்தில்தான் திறக்கச் சொல்பவர்களோடு நான் முரண்படுகிறேன்.

விலையை யார் கொடுப்பது

ஆனால் மூடச் சொல்பவர்களோடும் எனக்கு முரண்பாடு உண்டு, அதை அவர்கள் கேட்க விரும்புவதில்லை. எல்லை மூடியிருப்பதால் நன்மை அடைபவர்கள் பலர்: வீட்டுப் பின்புறத்தில் சில பெட்டிகள் வைத்திருக்கும் என்னைப் போன்றவர்கள், ராணி விற்கும் உள்ளூர் வளர்ப்பாளர்கள், மகரந்தச் சேர்க்கையை நம்பியிருக்கும் கனோலா விதை நிறுவனங்கள், புளூபெரித் தோட்டக்காரர்கள். விலை கொடுப்பவர்கள் சிலர்: ஏப்ரலில் ஆயிரம் பெட்டி காலியாகி, நியூசிலாந்துப் பேக்கேஜுக்கு வங்கிக் கடன் வாங்கி நிற்பவர்கள். பொது நன்மைக்காக ஒருவரது கடையை மூடினால் அவருக்கு இழப்பீடு உண்டா என்று கேட்பது இயல்பு. 2012-இல் இதற்காக வழக்கே தொடுத்தார்கள். விசாரணைக்கே தகுதியில்லை என்று தள்ளப்பட்ட அதை, 2015-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் நடக்க அனுமதித்தது. சட்டத்தின் வழி எப்படிப் போனாலும், நியாயத்தின் வழி எனக்குத் தெளிவாகத் தெரிகிறது. கதவை மூடுகிற அரசு, கதவுக்கு உள்ளே இருப்பவர்களுக்குத் தேனீ கிடைக்க வழி செய்ய வேண்டும்.

அது இயலாத காரியமல்ல என்பதை ஏற்கெனவே செய்பவர்கள் காட்டுகிறார்கள். சூன், சூலையில் நாட்டுக்குள்ளேயே வளர்த்த ராணிகளைக் கொண்டு சிறு கூட்டங்களைப் பிரித்து, அவற்றைக் கொட்டகைக்குள் குளிர்காலம் முழுவதும் வைத்திருந்தால், ஏப்ரலில் முட்டையிடும் ராணியோடு கூடிய, நியூக் எனப்படும் சிறு கூட்டம் தயார். பேக்கேஜ் செய்யும் வேலையை இது செய்யும். குளிரைத் தாண்டிய மரபும் கூட. தடை இரண்டு. ஒன்று, சூலையில் கனோலா பூக்கும்போது கூட்டத்தைப் பிரித்தால் அந்த ஆண்டுத் தேன் குறையும். அந்தத் தேனின் விலையை யார் தருவது? இரண்டு, நியூக்குகள் அடையோடு வருபவை. அடையோடு புழு அழுகல் நோய் வரும். ஆகவே விற்பதற்கு முன் ஆய்வு செய்ய ஆய்வாளர்கள் வேண்டும், மாகாணங்களில் அவர்கள் எண்ணிக்கை சொற்பம். இரண்டுமே பணத்தால் தீரக்கூடிய தடைகள். பேக்கேஜ் தடைக்குக் காவல் நிற்கும் அரசு இந்தப் பணத்தைத் தரத் தயங்கினால், திறக்கச் சொல்பவர்களின் கோபத்தை வெறும் பேராசை என்று ஒதுக்க எனக்கு மனம் வராது.

இதையெல்லாம் பண்ணை உரிமையாளரிடம் சொன்னேன், பெட்டிகளுக்குப் பாகு ஊற்றிக்கொண்டிருந்தபோது. பொறுமையாகக் கேட்டார். "நீ சொல்லும் நிதி வந்து, ஆட்கள் பழகி, போதுமான நியூக்குகள் சந்தைக்கு வர எத்தனை ஆண்டுகள் ஆகும்? அதுவரை என் வங்கி காத்திருக்குமா?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. இடைக்காலத்துக்கு ஒரு வழியைச் சொல்லிப் பார்த்தேன்: அமெரிக்க ராணிகளுக்கு இருப்பதைப் போல, பாதாம் தோட்டத்துக்குப் போகாத, மருந்து எதிர்ப்புச் சோதனை செய்யப்பட்ட பண்ணைகளின் பேக்கேஜ்களுக்கு மட்டும், குறிப்பிட்ட எண்ணிக்கையில் அனுமதி. அவர் சிரித்தார். பாதாமுக்குப் போகாத வணிகப் பண்ணையைக் கலிபோர்னியாவில் தேடிக் கண்டுபிடிப்பதற்குள் வசந்தம் முடிந்துவிடும் என்றார். அதுவும் சரிதான் என்று பட்டது.

அடுத்த கூட்டத்துக்கு முன்னதாகத் தீர்மானங்களை எழுத்தில் கேட்டிருந்தார்கள். பழைய ஒரு வரித் தீர்மானத்தை இரண்டாக உடைத்து அனுப்பியிருக்கிறேன். முதலாவது, குளிரைத் தாண்டிய நியூக்குகளை உற்பத்தி செய்பவர்களுக்குத் தேன் இழப்பை ஈடுகட்டும் நிதியும், அவற்றை ஆய்வு செய்ய ஆய்வாளர்களும். இரண்டாவது, அமிட்ராஸ் எதிர்ப்பு இரு நாடுகளிலும் எந்த அளவில் இருக்கிறது என்று அளந்து வெளியிடும் வரை அமெரிக்கப் பேக்கேஜ்களுக்குத் தடை தொடர்வது. வரிசை மாறக்கூடாது என்று அடியில் தனியே ஒரு குறிப்பும் எழுதினேன்: முதலாவது தோற்றால், இரண்டாவதை வாக்கெடுப்புக்கு விடாமல் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.